கடற்படையே இல்லாத நாட்டுக்காகக் கடற்படை ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்ட வலங்கைமான்காரர்: யார் இந்த சீனிவாச சாஸ்திரி?

2024 பிப்ரவரி. ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்த பாதுகாப்பு மாநாட்டில் ஒரே மேடையில் மூன்று வெளியுறவு அமைச்சர்கள். ஜெர்மனியின் அன்னலேனா பேர்பாக், அமெரிக்காவின் ஆன்டனி பிளிங்கன், இந்தியாவின் எஸ்.ஜெய்சங்கர். ரஷ்ய எண்ணெய் பற்றிய கேள்விக்கு ஜெய்சங்கர் சொன்ன பதில் உடனே ரீல்ஸாகி, சமூக வலைதளங்களில் ஒரு சுற்று சுற்றியது.

இப்படி ஒவ்வொரு முறையும் இரண்டு விதமான கருத்துகள் வரும். 'நம்மாளு கலக்கிட்டார்' என்பது ஒன்று. 'இந்த மாநாடெல்லாம் கோட்டு சூட்டு போட்டு போட்டோ எடுக்கத்தானே, இதனால சாதாரண ஆளுக்கு என்ன கிடைக்குது?' என்பது இன்னொன்று.

இந்தக் கேள்விக்கு 100 வருடப் பழைய பதில் ஒன்று காவிரி டெல்டாவில் இருக்கிறது. மியூனிக் மேடைக்கு 103 ஆண்டுகள் முன்னால், 1921-ல், லண்டன், ஜெனீவா, வாஷிங்டன் என மூன்று உலக மாநாடுகளில் ஒரே வருடத்தில் இந்தியாவின் பிரதிநிதியாக உட்கார்ந்த ஒருவர் கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். பெயர் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி.

அப்போது இந்தியாவுக்கு வெளியுறவு அமைச்சர் கிடையாது. சொந்தமாக வெளியுறவுக் கொள்கையே கிடையாது. ஆனாலும் அந்த வேலைக்கு மிக அருகில் வந்த இந்தியர்களில் அவர் முக்கியமானவர். அவர் எதைச் சாதித்தார், எங்கே தோற்றார், ஏன் தோற்றார் என்று பார்த்தால், இன்றைய மாநாட்டுப் படங்களையும் கொஞ்சம் தெளிவாகப் பார்க்கலாம்.

வலங்கைமானிலிருந்து அங்கே எப்படி?

வலங்கைமான் என்றதும் டெல்டாக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது பாடைகட்டி மாரியம்மன் கோயில். அடுத்தது பட்டாசு. இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர் அன்று தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. அங்கே 1869 செப்டம்பர் 22 அன்று, வசதியில்லாத ஒரு புரோகிதர் குடும்பத்தில் பிறந்தார் சாஸ்திரி. சரியாகப் பத்து நாள் கழித்து போர்பந்தரில் பிறந்தவர் காந்தி. இருவரின் வாழ்க்கையும் பின்னால் பலமுறை குறுக்கிடும்.

படிப்பு கும்பகோணத்தில். காவிரிக் கரையில் இருக்கும் அந்த அரசுக் கல்லூரிக்கு 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று பெயர். கணித மேதை ராமானுஜனும் பிற்பாடு சேர்ந்தது இதே கல்லூரியில்தான். படிப்பு முடிந்ததும் சாஸ்திரிக்குக் கிடைத்தது வாத்தியார் வேலை. மாயவரம், சேலம், பிறகு சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர். சென்னைவாசிகளுக்கு நன்கு தெரிந்த டியூசிஎஸ், அதாவது திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கம், 1904-ல் தொடங்கப்பட்டபோது அதன் பின்னால் இருந்தவர்களில் அவரும் ஒருவர்.

பாதையை மாற்றியவர் கோபாலகிருஷ்ண கோகலே. அவருடைய இந்திய ஊழியர் சங்கத்தில் 1907-ல் சேர்ந்தார் சாஸ்திரி. 1915-ல் கோகலே மறைந்ததும் தலைமைப் பொறுப்பு இவரிடம் வந்தது. அதே கோகலேயைத் தன் அரசியல் குருவாகச் சொன்னவர் காந்தி. ஒரே குருவுக்கு இரண்டு சீடர்கள். ஒருவர் மக்களைத் தெருவுக்கு அழைத்து வந்தார். இன்னொருவர் சட்டமன்றத்துக்குள் போய் வாதாடினார்.

1919-ல் ரவுலட் மசோதாவை எதிர்த்து டெல்லி சட்டமன்றத்தில் சாஸ்திரி பேசிய பேச்சு நாடு முழுக்கப் பேசப்பட்டது. அவருடைய ஆங்கிலத்துக்கு ஆங்கிலேயர்களே ரசிகர்கள். 'பேரரசின் வெள்ளிநாவுப் பேச்சாளர்' என்று பெயர் வாங்கினார்.

அடிமை நாட்டுக்கு எதற்கு நாற்காலி?

இங்கே ஒரு சந்தேகம் வரும். இந்தியாவை ஆண்டது பிரிட்டன். அப்புறம் உலக மாநாட்டில் இந்தியாவுக்குத் தனி இடம் எப்படி?

காரணம் முதல் உலகப் போர். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போய் பிரிட்டனுக்காகப் போரில் பணியாற்றினார்கள். அதற்கு ஏதாவது பதில் மரியாதை செய்ய வேண்டிய கட்டாயம் பிரிட்டனுக்கு. கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா போன்ற தன்னாட்சி பெற்ற நாடுகளுக்குத் தனி இடம் கொடுத்தபோது, இந்தியாவுக்கும் ஒன்று கிடைத்தது. 1919-ல் வெர்சாய் ஒப்பந்தத்தில் இந்தியாவும் தனியாகக் கையெழுத்திட்டது. அதனாலேயே, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் இந்தியா நிறுவன உறுப்பினர் ஆனது.

ஆனால் அந்த நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்று முடிவு செய்தது இந்திய மக்கள் இல்லை. லண்டனில் இருந்த இந்தியா மந்திரியும், இங்கிருந்த வைஸ்ராயும்தான். வெர்சாயில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்கள் யார் தெரியுமா? இந்தியா மந்திரி எட்வின் மாண்டேகுவும், பிகானீர் மகாராஜா கங்கா சிங்கும். நாற்காலி உண்டு, ஆனால் அதைக் கொடுத்தவர் வேறு ஆள். சாஸ்திரியின் மொத்தக் கதையும் இந்த ஒரு முரண்பாட்டுக்குள் அடங்கிவிடும்.

லண்டன்: எல்லோரும் சரி, ஒருவர் மட்டும் முடியாது

1921 ஜூன் மாதம் லண்டனில் தொடங்கியது பேரரசு மாநாடு. பிரிட்டன் பிரதமரும், தன்னாட்சி நாடுகளின் பிரதமர்களும் உட்கார்ந்த மேசை. இந்தியாவுக்காக மாண்டேகு, கட்ச் மகாராவ், சாஸ்திரி.

சாஸ்திரி எடுத்த பிரச்சினை ஒன்றே ஒன்று. பேரரசுக்குள் இந்தியா சம உறுப்பினர் என்கிறீர்கள். ஆனால் உங்கள் நாடுகளில் சட்டப்படி குடியிருக்கும் இந்தியருக்கு ஓட்டு இல்லை, நிலம் வாங்க உரிமை இல்லை. இரண்டும் எப்படிப் பொருந்தும்?

இதில் முரண்பாடு இருக்கிறது, அந்த இந்தியர்களின் குடியுரிமைகளை ஏற்பது விரும்பத்தக்கது என்று தீர்மானம் நிறைவேறியது. ஒரே ஒரு நாடு மட்டும் ஏற்க மறுத்துப் பதிவு செய்தது: தென்னாப்பிரிக்கா. அதன் பிரதமர் ஜான் ஸ்மட்ஸ். காந்தியை சிறையில் அடைத்த அதே ஸ்மட்ஸ்.

இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 25 வருடம் கழித்து மறுபடி வருவார்.

ஜெனீவா: ஜெர்மனிக்கு இல்லாத இடம் இந்தியாவுக்கு

அதே 1921-ல் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் பேரவை. சாஸ்திரி இந்தியக் குழுவில் ஒருவர். அந்த அரங்கத்தில் இந்தியாவுக்கு நாற்காலி இருந்தது. போரில் தோற்ற ஜெர்மனிக்கு இல்லை.

ஜெர்மனிக்கு அந்த இடம் கிடைக்க 1926 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை வாங்கிக் கொடுத்தவர் அதன் வெளியுறவு அமைச்சர் குஸ்டாவ் ஸ்ட்ரெசமான். அந்த வருடம் பிரான்ஸின் அரிஸ்டீட் பிரியாண்டுடன் சேர்ந்து அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றார்.

இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஸ்ட்ரெசமானிடம் ஆரம்பத்தில் நாற்காலி இல்லை. ஆனால் பின்னால் ஒரு நாடாளுமன்றம் இருந்தது, தொழிற்சாலைகள் இருந்தன, 'இதைச் செய்தால் அதைத் தருகிறோம்' என்று பேரம் பேச சொந்தமாக ஒரு அரசு இருந்தது. 1929-ல் ஹேக் மாநாட்டில் அவர் பேசி முடித்தபோது, ஜெர்மன் மண்ணான ரைன்லாந்தில் இருந்த வெளிநாட்டுப் படைகள் வெளியேறச் சம்மதித்தன. மறு வருடம் வெளியேறியும் விட்டன.

சாஸ்திரியிடம் நாற்காலி இருந்தது. பேரம் பேச எதுவும் இல்லை. கையில் இருந்தது நாக்கு மட்டும்தான்.

வாஷிங்டன்: ஒப்பந்தத்தில் ஊர்ப் பெயர்

1921 நவம்பரில் தொடங்கி 1922 பிப்ரவரி 6 வரை நடந்தது வாஷிங்டன் கடற்படை மாநாடு. வல்லரசுகள் போட்டி போட்டுக்கொண்டு போர்க்கப்பல் கட்டுவதை நிறுத்துவதுதான் நோக்கம். அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தலா 5,25,000 டன், ஜப்பானுக்கு 3,15,000 டன், பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் தலா 1,75,000 டன் என்று பெரிய போர்க்கப்பல்களுக்கு உச்சவரம்பு வந்தது. ஆயுதக் குறைப்பு வரலாற்றில் இது ஒரு மைல்கல்.

இந்த ஒப்பந்தத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் சாஸ்திரி. ஆவணத்தில் அவருடைய முழுப் பெயர் ஆங்கிலத்தில் இப்படித்தான் தொடங்குகிறது: 'வாலிங்மன்' சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரி. அது வேறொன்றுமில்லை, வலங்கைமான்தான். பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைப் போடும் நம்மூர் வழக்கத்தால், உலகக் கடற்படைகளின் அளவைத் தீர்மானித்த ஒரு சர்வதேச ஒப்பந்தத்தில் குடமுருட்டிக் கரை ஊர் ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டது.

பெருமையான விஷயம்தான். ஆனால் அன்றைய இந்தியாவுக்குச் சொந்தமாகப் போர்க்கப்பற்படை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. இல்லாத கப்பலைக் குறைக்க ஒரு கையெழுத்து. அதே வாரத்தில் உத்தரப் பிரதேசத்தின் சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிந்தது. ஒத்துழையாமை இயக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சிறையில் இருந்தார்கள். 'நாடே கொதிக்கும்போது நீ யாருக்காக அங்கே உட்கார்ந்திருக்கிறாய்?' என்று காங்கிரஸ்காரர்கள் சாஸ்திரியைக் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

பேசினால் ஏதாவது கிடைத்ததா?

கிடைத்தது. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை.

1922-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சாஸ்திரி சுற்றுப்பயணம் போனார். லண்டன் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'சொன்னதைச் செய்யுங்கள்' என்று கேட்கிற பயணம். ஆஸ்திரேலியா அசைந்தது. 1925-ல் அங்கே குடியிருந்த இந்தியர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுரிமை வந்தது. அடுத்த வருடம் முதியோர் ஓய்வூதியமும் வந்தது. கனடாவில் கதை வேறு. இந்தியர்கள் அதிகம் இருந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1947 வரை ஓட்டுரிமை தரவில்லை.

ஆஸ்திரேலியா ஏன் கொடுத்தது? அங்கிருந்த இந்தியர்கள் சில ஆயிரம் பேர்தான். புதிதாக யாரும் வர முடியாதபடி 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை கதவைச் சாத்தி வைத்திருந்தது. அதாவது, கொடுப்பதால் அவர்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

கென்யாவில் அப்படி இல்லை. வளமான மேட்டுநிலங்களை வெள்ளைக்காரர்கள் தங்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். இந்தியர்களுக்குச் சம உரிமை கொடுத்தால் அது போய்விடும். 1923-ல் இந்தியக் குழுவோடு லண்டன் போய் வாதாடினார் சாஸ்திரி. அந்த ஜூலையில் வந்த பிரிட்டிஷ் அரசின் வெள்ளை அறிக்கை, மேட்டுநிலம் வெள்ளையருக்கே என்று உறுதி செய்தது. பேரரசின் நியாய உணர்வை முழுதாக நம்பிய மனிதருக்கு விழுந்த முதல் பெரிய அடி அது.

தில்லையாடி வழி, வலங்கைமான் வழி

தென்னாப்பிரிக்காவுக்கும் டெல்டாவுக்கும் இருக்கிற தொடர்பு சாஸ்திரியிடம் தொடங்கவில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் அன்றைய சென்னை மாகாணத்துக்காரர்கள்.

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர் வள்ளியம்மை. 1913-ல் காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனார். காய்ச்சலோடு வெளியே வந்தார். 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது வயது 16. அந்த வருடமே இந்தியர்களின் திருமணங்களை ஏற்று, 3 பவுண்டு தலைவரியை ரத்து செய்யும் சட்டம் வந்தது.

அதாவது ஒரே டெல்டாவிலிருந்து ஒரே பிரச்சினைக்கு இரண்டு வழிகள் போயின. ஒன்று சிறை வழி. இன்னொன்று மாநாட்டு வழி.

1925-ல் இந்தியர்களைத் தனிப் பகுதிகளில் ஒதுக்கும் மசோதாவை தென்னாப்பிரிக்கா கொண்டுவந்தபோது, பேச்சுவார்த்தைக்குப் போன இந்தியக் குழுவில் சாஸ்திரி இருந்தார். 1927-ல் கேப்டவுன் ஒப்பந்தம் கையெழுத்தானது. மசோதா வாபஸ். அங்கேயே தங்கும் இந்தியர்களின் கல்வி, வாழ்க்கைத் தரத்தை உயர்த்த தென்னாப்பிரிக்க அரசு ஒப்புக்கொண்டது. இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் அங்கே இருக்கலாம் என்றும் முடிவானது. முதல் ஏஜென்டாக சாஸ்திரியே போக வேண்டும் என்று வலியுறுத்தியவர் காந்தி.

1927 முதல் 1929 ஜனவரி வரை அந்த வேலையில் இருந்தார். அவர் விட்டுச்சென்ற கண்ணுக்குத் தெரியும் அடையாளம் டர்பனில் உள்ள சாஸ்திரி கல்லூரி. இந்தியச் சமூகத்திடமே நன்கொடை திரட்டி, 1929-ல் திறக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளி அது. கூலிகளின் பேரப்பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் வக்கீல்களாகவும் மாற அது ஒரு படிக்கட்டு. இடையில் 1928-ல் பிரிட்டிஷ் அரசு 'சர்' பட்டத்துடன் கூடிய கௌரவம் ஒன்றை நீட்டியபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் ஒப்பந்தத்துக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. 'ஊருக்குத் திரும்ப விரும்பினால் உதவித்தொகை' என்று ஒரு பிரிவு. பெரியவர்களுக்கு 20 பவுண்டு, குழந்தைகளுக்கு 10 பவுண்டு. இதை நம்பித் திரும்பி வந்த பலர், பார்த்தே இராத 'சொந்த ஊரில்' வேலையும் இல்லாமல், உறவும் இல்லாமல் தவித்தார்கள். பவானி தயாள் சன்யாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் 1931-ல் வெளியிட்ட அறிக்கை இந்தத் துயரத்தைப் பதிவு செய்தது. மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு அது ஒப்பந்தத்தின் ஒரு பத்தி. திரும்பி வந்தவர்களுக்கு அதுதான் வாழ்க்கை.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள்

அடுத்தது மலேயா. தஞ்சை, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து நிலமில்லாத கூலி விவசாயிகள் ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். பலர் பண்ணையாள் முறையிலிருந்து தப்பிக்க ஓடிய ஒடுக்கப்பட்ட சாதியினர். கூட்டிக்கொண்டு போகிறவர் கங்காணி. கப்பல் ஏறுகிற இடம் பெரும்பாலும் நாகப்பட்டினம்.

1930-களில் ரப்பர் விலை சரிந்தபோது கூலியும் சரிந்தது. தொழிலாளர் நிலையைப் பார்த்து அறிக்கை கொடுக்க, 1936 கடைசியில் இந்திய அரசு அனுப்பியது சாஸ்திரியை. அப்போது அவர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

1937-ல் வந்த அறிக்கை, கங்காணி வழியாக ஆள் எடுப்பதை நிறுத்தச் சொன்னது. ஆணுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட் என்ற பழைய நாள்கூலியை மறுபடி கொண்டுவரச் சொன்னது. ஆனால் மொத்தத்தில் நிலைமை மோசமில்லை, அரசு உதவியோடு ஆள் அனுப்புவதைத் தடுக்கக் காரணம் இல்லை என்ற முடிவுக்கும் வந்தது. மலேயா இந்தியத் தலைவர்களுக்கு இதில் கடும் ஏமாற்றம். தோட்ட முதலாளிகளின் கண்ணால் பார்த்து எழுதிய அறிக்கை என்று விமர்சனம் வந்தது.

நடந்ததைப் பாருங்கள். ஒரே வருடத்தில், 1938-ல், இந்திய அரசே மலேயாவுக்கு அப்படி ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. 1941-ல் கிள்ளான் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கைகளில் ஒன்று, வெள்ளைக்கார அதிகாரி எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அறிக்கையில் 'மோசமில்லை' என்று சொல்லப்பட்ட இடத்தில் எவ்வளவு புகைந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

சாஸ்திரி கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அந்த உலகம் தெரியாது என்பதுதான் பிரச்சினை. வலங்கைமான் அக்ரஹாரத்துக்கும் அதே ஊரைச் சுற்றியிருந்த சேரிக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் லண்டன் மேசையில் ஒரு தஞ்சாவூர்க்காரர் உட்கார்ந்துவிட்டதால் மட்டும் அந்தச் சேரியின் குரல் அங்கே கேட்டுவிடாது.

1946: அதே ஸ்மட்ஸ், வேறு இந்தியா

1946 ஏப்ரல் 17 அன்று சென்னையில் சாஸ்திரி காலமானார். அந்த வருடத் தொடக்கத்தில் சென்னை வந்த காந்தி, அரசியலில் கடைசிவரை ஒத்துப்போகாத தன் பழைய நண்பரை நோயுற்ற படுக்கையில் போய்ப் பார்த்திருந்தார்.

சாஸ்திரி இறந்து இரண்டே மாதத்தில் தென்னாப்பிரிக்கா மீண்டும் செய்திகளில். இந்தியர்கள் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டம் வந்தது. டர்பனில் டாக்டர் மான்டி நாயக்கர் உள்ளிட்டோர் தலைமையில் ஜூன் 13 முதல் மீண்டும் சத்தியாகிரகம். இந்தியா இந்த முறை கெஞ்சவில்லை. ஜூன் மாதமே ஐ.நா.வில் புகார் கொடுத்தது. ஜூலையில் தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தையே நிறுத்தியது. அப்படிச் செய்த முதல் நாடு இந்தியாதான்.

நியூயார்க்கில் கூடிய ஐ.நா. பொதுச் சபையில் இந்தியக் குழுவுக்குத் தலைமை விஜயலட்சுமி பண்டிட். எதிரே தென்னாப்பிரிக்காவுக்காக வந்திருந்தவர், ஆமாம், ஜான் ஸ்மட்ஸ். 'இது எங்கள் உள்நாட்டு விவகாரம்' என்று வாதாடினார். டிசம்பர் 8 அன்று வாக்கெடுப்பு. இந்தியாவுக்கு ஆதரவாக 32, எதிராக 15. மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துத் தீர்மானம் நிறைவேறியது.

1921-ல் தனியாளாக 'முடியாது' என்று சொல்லிவிட்டு எந்த நஷ்டமும் இல்லாமல் வீட்டுக்குப் போன அதே ஸ்மட்ஸ், 1946-ல் உலக அரங்கில் தோற்றுப்போய்த் திரும்பினார்.

இதனால் உடனே விடிந்துவிடவில்லை. 1948-ல் அங்கே இனஒதுக்கல் கொள்கை அதிகாரபூர்வமாகவே வந்தது. அது முடிய 1994 ஆனது. ஆனால் மேசையில் ஏதோ மாறிவிட்டது. சாஸ்திரி 1921-ல் கேட்ட கேள்விக்கும் பண்டிட் 1946-ல் கேட்ட கேள்விக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கேட்டவருக்குப் பின்னால் நின்றவர்கள் யார் என்பதில்தான் வித்தியாசம். டெல்லியில் இந்தியர்களின் இடைக்கால அரசு. டர்பன் தெருவில் சிறைக்குப் போகத் தயாரான மக்கள். 'மறுத்தால் வணிகம் கிடையாது' என்று சொல்லும் வலு. தில்லையாடி வழியும் வலங்கைமான் வழியும் அன்றைக்குத்தான் ஒன்று சேர்ந்தன.

சரி, இன்னைக்கு இதுக்கு என்ன?

இன்றும் டெல்டாவிலிருந்து ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். நாகப்பட்டினம் கப்பலுக்குப் பதில் திருச்சி விமான நிலையம். மலேயா தோட்டத்துக்குப் பதில் வளைகுடா கட்டுமானம், சிங்கப்பூர் கப்பல் பட்டறை. கங்காணி இடத்தில் ஏஜென்சி. பத்தாம் வகுப்பு முடிக்காதவரின் பாஸ்போர்ட்டில் வரும் 'இசிஆர்' முத்திரையும், குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் வாங்க வேண்டிய அனுமதியும் 1983-ன் குடிபெயர்வுச் சட்டத்திலிருந்து வருபவை. அங்கே அவர் சம்பளம், பாஸ்போர்ட்டை யார் வைத்துக்கொள்வது, விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசும் விஷயங்கள். கடலுக்குள் போகும் நாகை மீனவருக்கும் அப்படித்தான். 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தங்கள்தான் இன்றும் அவர் வலையின் எல்லை.

எனவே மாநாட்டுப் படம் வெறும் படம் இல்லை. வெறும் பெருமையும் இல்லை. அடுத்த முறை ஒரு வெளியுறவு அமைச்சர் உலக மேடையில் அசத்தும் வீடியோ போனில் வந்தால், ஃபார்வேர்டு பண்ணும் முன் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று, இவரை அங்கே அனுப்பியது யார்? இவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? சாஸ்திரியை அனுப்பியது வைஸ்ராய். இன்றைய அமைச்சரை அனுப்புவது நாம் தேர்ந்தெடுத்த அரசு. ஊருக்குத் திரும்பியதும் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கும் உரிமை நம் எம்.பி.க்களுக்கு உண்டு. அவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்களா?

இரண்டு, எதிரில் இருப்பவர் 'முடியாது' என்றால் அவருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் இல்லாத இடத்தில் எவ்வளவு அழகான பேச்சும் கைதட்டலோடு முடிந்துவிடும். கென்யா அதைத்தான் காட்டியது.

மூன்று, முடிவால் பாதிக்கப்படுகிற ஆள் அந்த அறையில் இருந்தாரா? இல்லையென்றால் அவரிடம் யாராவது கேட்டார்களா? மலேயா அறிக்கை தவறியது இங்கேதான்.

இந்த மூன்றுக்கும் சாஸ்திரியிடம் நல்ல பதில் இல்லை. இருந்தும் டர்பனில் ஒரு பள்ளியும், ஆஸ்திரேலியாவில் ஓட்டுரிமையும் வாங்கிக் கொடுத்தார். வெறும் நாற்காலியும் நல்ல பேச்சும் மட்டும் வைத்து ஒருவர் போகக்கூடிய தூரம் அவ்வளவு. அதைத் தாண்டிய தூரம் மாநாட்டு அரங்கில் இல்லை, அவரை அனுப்புகிறவர்கள் கையில் இருக்கிறது. 1921-ல் அது வைஸ்ராய் கையில் இருந்தது. இப்போது வாக்காளர் கையில்.